அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே தேதி

ஊர்ப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, 'இன்றைய நாளில்' என்று ஒரு கட்டம் வரும். எங்கோ ஒரு ராஜாவுக்கு முடிசூட்டினார்கள், எங்கோ ஒரு சுரங்கம் இடிந்தது, யாரோ ஒரு விஞ்ஞானி பிறந்தார் என்று மற்ற நாட்களை ஒப்பேற்றிவிடலாம். நவம்பர் ஆறாம் தேதி மட்டும் அந்தக் கட்டத்தை எழுதுகிறவருக்குத் தலைவலி. உள்ளூரிலேயே இரண்டு சம்பவம். ஒன்று, வேலைநிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளர்களை இரண்டாம் கேட்டில் வைத்துப் போலீஸ் சுட்டது. இன்னொன்று, பல வருஷம் கழித்து அதே தேதியில் துறைமுகச் சாலையில் போலீஸ் லாரிக்குக் குண்டு வைத்தது. எந்த ஆட்சி நடக்கிறதோ அதைப் பொறுத்து ஒன்று வரும், மற்றது வராது. இரண்டும் வந்த வருஷம் உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு வெளிநாட்டு ராஜாவோடு கட்டத்தை மூடிக்கொண்ட வருஷமும் உண்டு.

போலீஸ் தலைமை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. முதல் சம்பவத்தில் செத்தது அவளுடைய அப்பா. இரண்டாவதில் செத்தது அவளுடைய புருஷன்.

அப்பா கிரேன் ஓட்டியவர். தரையில் இருக்கும்போது கேட்டதற்குத்தான் பதில். கிரேன் கூண்டில் ஏறிவிட்டால் சத்தம் போட்டுப் பாடுவார். சம்பவத்தன்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஆறு பேர் வீடு திரும்பவில்லை. அம்மா அழுது முடிப்பதற்குள் துறைமுகக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். சங்கத்துக்காரர்கள் அலைந்து திரிந்து அம்மாவுக்குக் குடோனில் கோணி தைக்கிற வேலையும், பின்பக்கத் தெருவில் ஒரு வரிசை வீடும் பிடித்துக் கொடுத்தார்கள். ஒல்லி உடம்பு, குத்துகிற பேச்சு. துறைமுகத்தில் அம்மாவுக்குக் 'கோணி ஊசி' என்றே பேர் நிலைத்துவிட்டது. யாராவது முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டாள். "கோணின்னு சொல்லாம ஊசின்னு சொன்னீங்களே, அது வரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

இரண்டாம் கேட் ஓரத்தில் தொழிலாளர்கள் இடுப்பளவுக்கு ஒரு கல் நட்டார்கள். அதில் ஆறு பெயர்கள். வருஷா வருஷம் ஆறாம் தேதி மத்தியானம் அம்மா ஒரு வாளித் தண்ணீரும் நாரும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவி, வெட்டிய எழுத்துகளுக்குள் மெல்லிய பிரஷால் கறுப்பு பெயின்ட் பூசிவிட்டு வருவாள். சாயங்காலம் அங்கே கூட்டம் நடக்கும்.

மகள் சைக்கிள் கடை மாடியில் இருந்த டைப் வகுப்பில் சேர்ந்தாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவன் ஒரு போலீஸ்காரன். ஸ்டேஷனில் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவனை அனுப்பியிருந்தார்கள். ஒரே விரலால் கோழி கொத்துகிற மாதிரி அடிப்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பில் ஆரம்பித்தது எங்கேயோ கொண்டுபோய் விட்டது. ஒருநாள் அவனே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டான்.

"எங்க வேலை?" என்றாள் அம்மா.

"போலீஸ்ல இருக்கேம்மா."

அம்மா தைத்துக்கொண்டிருந்த கோணியைக் கீழே வைக்கவில்லை. "அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. "ட்ரெய்னிங்ல இருந்தேன். மைதானத்தைச் சுத்தி ஓட விட்டுக்கிட்டிருந்தாங்க. துப்பாக்கியை அதுவரைக்கும் கையில குடுக்கல."

"குடுத்திருந்தா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "தெரியலம்மா. சுடுன்னா சுட்டிருப்பேனோ என்னமோ. மாட்டேன்னு இப்ப சொல்றது சுலபம்."

கல்யாணம் அந்தப் பதிலோடு போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அம்மா பல மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவன் இன்னும் அந்த டைப் கிளாசுக்கு வர்றானா?" என்று கேட்டாள்.

"வர்றார்."

"நான் சுட்டிருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தான்னா வாசலோட அனுப்பியிருப்பேன். வரச் சொல்லு."

கல்யாணம் ஆகி அவர் ஏட்டாக உயர்ந்த பிறகும் ஒவ்வொரு நவம்பர் ஆறுக்கும் இரண்டாம் கேட் பந்தோபஸ்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். "மாமனாருக்குக் காவல் நிக்கப் போறேன்" என்று பெல்ட்டை இறுக்குவார். அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, "மாப்ள, வெயில்ல நிக்காதீங்க" என்று தண்ணீர் கொடுப்பாள். அதைப் பார்த்து ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள்கூடப் போகப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு ஆறாம் தேதி பந்தோபஸ்துக்குப் போன லாரிதான் துறைமுகச் சாலையில் வெடித்தது. அவர்களுடைய கைக்குழந்தைக்கு, அவளும் ஒரு மகள்தான், அப்போது நடக்கக்கூட வரவில்லை. குண்டு வைத்தவர்கள் சின்னப் பையன்கள், நான்கு பேர். யாரும் உயிரோடு பிடிபடவில்லை. சாலையில் அவர்கள் வீசிவிட்டுப் போன தாளில், 'துறைமுகத் தியாகிகளின் ரத்தத்துக்குப் பதில்' என்று போட்டு, கீழே ஆறு பெயர்களையும் அச்சடித்திருந்தார்கள். முதல் பெயர் அப்பாவுடையது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சங்க ஆபீசுக்குப் போனாள். மகளும் கூடப் போனாள். சங்கச் செயலாளரை எல்லோரும் லாந்தர் என்பார்கள். வேலைநிறுத்த நாட்களில் கையில் லாந்தரோடு கேட்டில் காவல் கிடந்தவர்.

"என் புருஷன் பேரை யாரைக் கேட்டு இதுல போட்டாங்க?" என்றாள் அம்மா.

"நாங்க போடலக்கா. அவனுங்களுக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"வருஷா வருஷம் மைக்கைப் பிடிச்சு, ரத்தத்துக்குப் பதில் சொல்லியே தீரணும்னு கத்துனியே. அது எவன் காதுலயோ விழுந்திருக்கு. சொல்லிட்டுப் போயிட்டானுங்க."

அதற்குப் பிறகு அம்மா மேடையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். கல்லைக் கழுவுவதையும் பெயின்ட் பூசுவதையும் மட்டும் நிறுத்தவில்லை.

மகளுக்குக் கருணை அடிப்படையில் போலீஸ் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். துறைமுகச் சாலையில் செத்த போலீஸ்காரர்களுக்கு ஒரு நினைவுத் தூண் எழும்பியது. காலையில் தூணுக்கு அணிவகுப்பு, சாயங்காலம் கல்லுக்குக் கூட்டம் என்று ஊரே சொல்லாமல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டது. போலீஸ் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள் கூட்டத்துக்குப் போக முடியாது. அம்மா அணிவகுப்புக்கு வர மாட்டாள். ஆனால் அன்றைக்குக் காலையில் அம்மா ஒரே கட்டுப் பூ வாங்கிப் பாதியை மகளிடம் கொடுத்துவிடுவாள். "அவனுக்கு வச்சிடு." அவ்வளவுதான் பேச்சு.

இப்படியே வருஷங்கள் ஓடின. பத்தாம் வருஷம் ஆட்சி மாறியது.

புது மந்திரிக்குத் தூண் மட்டும் போதவில்லை. தூணைச் சுற்றி நினைவுப் பூங்கா, அதற்கு வேலி, இரண்டாம் கேட் வரைக்கும் அகலச் சாலை என்று திட்டம் போட்டார்கள். விழா காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாறியது. துறைமுகக் கூட்டத்துக்குத் தடை என்று பத்திரிகையில் வந்தது. அதோடு நிற்கும் என்றுதான் டைப்பிஸ்ட் நினைத்தாள்.

நவம்பர் நான்காம் தேதி இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். அவர் அவளுடைய புருஷனோடு ஒரே அணியில் பயிற்சி பெற்றவர். சாவு வீட்டில் பாடையின் ஒரு முனையைத் தோளில் சுமந்தவர். "மூணு நகல். நீயே அடி. வேற யாரும் பாக்க வேணாம்" என்றார்.

அவள் மூன்று தாளுக்கு நடுவே கார்பனை வைத்து உருளையில் சுற்றினாள். 'இரண்டாம் கேட் அருகில் அனுமதியின்றி நிறுவப்பட்டுள்ள இடையூறு' என்பது வரைக்கும் விரல்கள் தானாக ஓடின. அப்புறம்தான் இடையூறு என்றால் எது என்று உறைத்தது. ஐந்தாம் தேதி காலையில் அதை அப்புறப்படுத்த வேண்டும், முன்கூட்டி யாருக்கும் தெரியக் கூடாது, எதிர்ப்பு வந்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று மீதி இருந்தது. அதையும் அடித்தாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "சார், இது எங்கப்பா பேர் இருக்கிற கல்லு."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் உன்கிட்ட குடுத்தேன்." அவர் தாள்களை வாங்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆறாம் தேதி எடுத்தா அங்க ஆள் இருக்கும். ஆள் இருந்தா மறுபடி ஒண்ணு நடக்கும். அஞ்சாம் தேதி காலையில எடுத்துட்டா யாருக்கும் காயம் இல்ல. உங்கம்மாவை மட்டும் ஆறாம் தேதி அந்தப் பக்கம் போகவிடாம பாத்துக்கோ. நான் சொன்னேன்னு காட்டிக்காத."

அன்று மத்தியானம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா லாந்தரிடம் சொல்வாள். லாந்தர் ஒரு சங்கு ஊதினால் துறைமுகமே திரண்டு வந்து கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிடும். 'தேவையான பலம்' என்று தன் கையாலேயே அடித்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கல் போனால் கல்தான். ஆள் திரண்டால் முன்வரிசையில் உட்காருவது அம்மாதான். சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். கல் போன பிறகு, ஐந்தாம் தேதி சாயங்காலம், தானே சொல்லித் திட்டை வாங்கிக்கொள்வது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வேலை விட்டதும் அவள் அம்மாவின் வீட்டுக்குப் போனாள். அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கூட்டத்துக்குத் தடையாமே. லாந்தர் சொன்னான்."

"ஆமாம்மா. ஆறாம் தேதி நீ அந்தப் பக்கம் போகாத. நாளைக்கே சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துடு. புள்ளையும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"சரி."

இவ்வளவு லேசாக அம்மா எதற்கும் சரி சொல்லி அவள் பார்த்ததில்லை. இரண்டு மூன்று வாதம் தயாரித்து வைத்திருந்தாள், ஒன்றும் தேவைப்படவில்லை. வயசாகிவிட்டது, அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மா அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "உன் வேலைக்கு ஒண்ணும் பங்கம் வராதே?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்கு வரப் போகுது?"

"சும்மா கேட்டேன்."

ஐந்தாம் தேதி காலையில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் பொறுப்பைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனாள். கல்லைப் பிடுங்கும்போது குடும்பத்தில் ஒருத்தராவது தூரத்தில் நிற்கலாமே என்றுதான் போனாள். டீக்கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போய்விடலாம் என்பது எண்ணம்.

கேட் திருப்பத்தில் இறங்கியபோது கல்லின் முன்னால் யாரோ குனிந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் வாளி. தரையெல்லாம் ஈரம். அம்மா நான்காவது பெயருக்குப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஆறாம் தேதி போனால் வம்பு, மகள் வேலைக்கு ஆபத்து என்று அம்மா ஒருநாள் முன்னாலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். அந்தச் 'சரி'க்கு அதுதான் அர்த்தம். இவளுக்காக அம்மா மறைத்திருக்கிறாள். அம்மாவுக்காக இவள் மறைத்திருக்கிறாள்.

அவள் ஓடினாள். பின்னாலேயே லாரி வந்து நின்றது. கடப்பாரையோடு நகராட்சி ஆட்கள் இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் போலீஸ்.

சத்தம் கேட்டு அம்மா நிமிர்ந்தாள். கடப்பாரைகளைப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்க நின்ற மகளைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் அங்கே நிற்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"அம்மா, எழுந்திரு. வீட்டுக்குப் போயிடலாம்."

"தெரியுமான்னு கேட்டேன்."

அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா உதறினாள். பிரஷைப் பெயின்ட் டப்பாவின் மேல் பதமாக வைத்துவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டாள். காயாத பெயின்ட் கன்னத்தில் அப்பியது.

நகராட்சி ஆட்களில் மூத்தவர் கடப்பாரையைக் கீழே போட்டார். "பொம்பளையைத் தள்ளிட்டுக் கல்லை எடுக்க எனக்குச் சம்பளம் குடுக்கல" என்று சொல்லிவிட்டு லாரியின் நிழலில் போய் உட்கார்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் புதுசு. இரண்டு கான்ஸ்டபிள்களுக்குக் கையைக் காட்டினான். அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல முடியாது. "வாங்க பாட்டி, எழுந்திருங்க பாட்டி" என்றுதான் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அம்மா கல்லை விட்டதும் உடம்பு சட்டென்று அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஈரத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. மூன்று பேரும் சரிந்தார்கள். அம்மா நடைபாதை விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தாள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அப்போதுதான் மகளின் முகத்தைக் கவனித்தான். "நீங்க நம்ம ஆபீஸ் டைப்பிஸ்ட்தானே? நீங்க எங்க இங்க?"

துறைமுக ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டது என்றார்கள். இந்த வயசில் ஒட்டுவது சந்தேகம், நடப்பது அதைவிடச் சந்தேகம். அம்மாவின் கன்னத்தில் அப்பியிருந்த பெயின்டை நர்ஸ் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அம்மா மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானம் லாந்தர் வந்தார். கிழவராகியிருந்தார். தொப்பியைக் கையில் கசக்கியபடி கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஆளைத் திரட்டியிருப்போம்."

"அதனாலதான் சொல்லல."

லாந்தர் அவளை உற்றுப் பார்த்தார். "திரட்டியிருந்தா உங்கம்மா நடுவுல பத்திரமா இருந்திருப்பா. இப்பப் பாரு, ஒத்தையா மாட்டிக்கிட்டா." சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அவர் சொன்னது சரியா தப்பா என்று அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளைக்குச் சரி என்று படும், ஒரு நாளைக்குத் தப்பு என்று படும்.

மறுநாள், ஆறாம் தேதி காலை, இன்ஸ்பெக்டர் சீருடை இல்லாமல் வந்தார். கையில் பழங்கள். அம்மா தூங்குவதாக நினைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"சாயங்காலம் விழாவுக்கு நீ வரணும்மா. உன் புருஷனுக்கு அறிவிச்ச பதக்கத்தை மந்திரி தன் கையால குடுக்கிறார். பேர் வாசிக்கும்போது ஆள் இல்லைன்னா நல்லா இருக்காது."

"இந்த நிலைமையில எப்படி சார்?"

"வரலைன்னா இன்னொண்ணு இருக்கு. அந்த நேரத்துக்கு உங்கம்மா அங்க எப்படி வந்தாங்கன்னு மேல கேக்குறாங்க. உத்தரவை அடிச்சது நீ. நீதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்னு பேச்சு கிளம்பியிருக்கு. இன்னிக்கு வந்து உக்காந்துட்டா நான் சமாளிச்சுக்குவேன். வரலைன்னா என் கையிலயும் இல்ல. புள்ளையை நினைச்சுப் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. சொல்லாமல் மறைத்ததற்காக அம்மா முகம் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டதற்காக ஆபீசில் விசாரணை.

அவர் போனதும் அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். தூங்கவில்லை.

"போயிட்டு வா."

"உன்னை விட்டுட்டா?"

"உன் புருஷன் நல்லவன். அவனுக்காகப் போ." கொஞ்சம் நிறுத்தி, "என்னைப் பாக்கத் திரும்பி வராத" என்றாள்.

அவள் போனாள். வேலைக்காகவும் போனாள், மகளுக்காகவும் போனாள், அவருக்காகவும் போனாள். எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. முன்வரிசையில் விதவைகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மந்திரி பேசினார். துறைமுகத்தில் ஒருகாலத்தில் வளர்ந்த விஷச்செடியின் கனிதான் அந்தக் குண்டு என்றார். அந்தச் செடியின் கடைசி வேரையும் நேற்றுக் காலையில் பிடுங்கிவிட்டோம் என்றார். கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவரின் மனைவி மட்டும் கைதட்டாமல் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

மந்திரி அவள் புருஷன் பெயரை மாற்றி வாசித்தார். கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் வேறு ஒரு பெயர். யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை. எழுந்து போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் மரியாதைக்காக வானத்தை நோக்கி மூன்று சுற்று சுட்டார்கள்.

துறைமுக ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். வழக்கமாக விழா நடக்கும் காலை நேரத்தில் அம்மா வீட்டில் இருப்பாள்; அங்கே இந்த மரியாதைச் சத்தம் ஒரு வருஷமும் எட்டியதில்லை. நவம்பர் ஆறாம் தேதி சாயங்காலம், துறைமுகத்துப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். நர்ஸ் பிறகு சொன்னாள்: "முதல் சத்தத்துக்கே எழுந்திரிக்கப் பாத்தாங்க. என் பொண்ணு அங்க இருக்கா, என் பொண்ணு அங்க இருக்கான்னு ஒரே பேச்சு. ரெண்டு பேர் பிடிச்சும் நிக்கல. கட்டிலைவிட்டு விழுந்துட்டாங்க."

வராதே என்று சொன்ன இடத்துக்கு அவள் திரும்பி வந்தபோது அம்மாவை மறுபடி கட்டிலில் ஏற்றிப் பட்டையால் கட்டியிருந்தார்கள். அம்மா அவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள். தோளைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவினாள். எங்கேயும் ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை ஓய்ந்தது.

"சுட்டாங்களே," என்றாள்.

"மரியாதைக்கும்மா. மேல பாத்து."

"யாருக்கு மரியாதை?"

"அவருக்கு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது தடவை விழுந்ததில் எலும்பு இனிமேல் சேராத அளவுக்கு நகர்ந்திருந்தது.

விசாரணை மழைக்காலம் முழுக்க இழுத்தது. ரகசியத்தை வெளியிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் ஏன் அங்கே போனாய் என்றார்கள். அதற்கு அவளிடம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் இல்லை. துறைமுகத்துச் சுவர்களிலோ, கல்லைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவளுடைய பேரைக் கரியால் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் தன்னால் முடிந்ததைச் செய்தார், வேலை போகவில்லை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊருக்கு, பழைய கோப்புகளை அடுக்கும் பிரிவுக்கு, மாற்றினார்கள். அங்கே டைப் மெஷின் கிடையாது. அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். தரைத்தளத்தில் இரண்டு அறை கிடைத்தது. ஒரு ஜன்னல்; அதற்கு நேரே அடுத்த வீட்டுச் சுவர்.

அம்மா அவளை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது வலித்தால் வைவாள். சோற்றில் உப்பில்லை என்றால் வைவாள். பேத்தி கணக்கில் கோட்டை விட்டால் இவளை வைவாள். வைகிற வரைக்கும் பரவாயில்லை என்று இவளும் இருந்துவிட்டாள்.

அடுத்த நவம்பர் ஆறுக்கு அவள் லீவு போட்டாள். அந்த ஊரில் அந்தத் தேதிக்கு எந்த அர்த்தமும் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மத்தியானம் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், வெந்நீர் விளாவி, தலைக்குச் சோப்புப் போட்டாள். அம்மாவின் தலை ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்திருந்தது.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சொன்னாள், "அன்னிக்கு உங்கப்பாவுக்குக் காய்ச்சல். படுத்துக்கிடக்கச் சொன்னேன்."

அவளுக்கு இது தெரியாது. சோப்புக் கை அப்படியே நின்றது. "அப்புறம் ஏன் போனாரு?"

"எல்லாரும் வெயில்ல உக்காந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிப் படுத்திருக்கிறதுன்னாரு."

அவள் மறுபடி தலையைத் தேய்க்க ஆரம்பித்தாள். பிறகு அவள் சொன்னாள், "அவருக்கும் அந்த வருஷம் டூட்டி வேற இடத்துலதான் போட்டிருந்தாங்கம்மா. ஒருத்தர்கிட்ட மாத்திக்கிட்டாரு. அத்தை தேடுவாங்கன்னு."

அம்மா முகத்தில் வழிந்த சோப்பு நுரையைக் கையால் வழித்தாள்.

"தேடினேன்தான்," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் சொம்புல தண்ணி எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அம்மாவின் நெற்றியில் ஒரு கையை அணையாக வைத்து, கண்ணில் நுரை படாமல் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"ஊத்து," என்றாள் அம்மா. "தண்ணி ஆறுது."